கடத்தல் கெட்ட சொல்லா?

கேள்வி இதுதான்: செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. ஒருவர் தங்கத்தைக் கடத்துகிறார். இன்னொருவர் குழந்தையைக் கடத்துகிறார். வேறொருவர் முடிவு சொல்லாமல் நாளைக் கடத்துகிறார். நான்கும் ஒரே சொல்லா, அல்லது ஒரே மாதிரி ஒலிக்கும் வெவ்வேறு சொற்களா? சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி ‘பொருள்களைக் கடத்தும் நிறுவனம்’ என்று எழுதினால் தவறா?

ஒரே சொல்தான். தவறா என்றால், இலக்கணப்படி தவறில்லை. ஆனால் எழுதிய கையோடு வக்கீல் நோட்டீசை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு சொல் இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குறுகிய பதில் போதும் என்பவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: கடத்துதல் என்றால் ஒன்றை ஓர் எல்லையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகச் செய்வது. அந்த எல்லைக்குக் காவல் இருந்தால் சொல் கெட்டதாகிறது. காவல் இல்லாவிட்டால் அது வெறும் இயற்பியல்.

வேர் ‘கட’. கடந்தான், கடக்கிறான், கடப்பான். தானே போவது தன்வினை, இன்னொன்றைப் போகவைப்பது பிறவினை. நட என்பதற்கு நடத்து, கிட என்பதற்குக் கிடத்து, அதே அச்சில் கட என்பதற்குக் கடத்து. நான் ஆற்றைக் கடக்கிறேன். ஓடக்காரர் என்னைக் கடத்துகிறார். இன்று இந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்தால் உடனே போலீசைக் கூப்பிடத் தோன்றும், இல்லையா? மலையாளிக்குத் தோன்றாது. மலையாளத்தில் ‘கடத்து’ என்பது ஆற்றைத் தாண்ட ஓடம் விடும் தொழிலுக்கும் பெயர். ஓடக்காரர் அங்கே கடத்துகாரன், ஓடம் கடத்துவள்ளம், ஏறி இறங்கும் துறை கடவு. சட்டத்தை மீறியது என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ஒரு ‘கள்ள’ சேர்த்துக் கள்ளக்கடத்து என்பார்கள். தமிழிலும் கள்ளக்கடத்தல் என்ற முழு வடிவம் உண்டு. இலங்கைத் தமிழில் அது இன்னும் நன்றாகவே புழங்குகிறது. தமிழ்நாட்டுப் பேச்சிலும் பத்திரிகையிலும் முன்னால் இருந்த ‘கள்ள’ உதிர்ந்துவிட்டது. அதன் பழி முழுவதும் மீதி இருந்த ‘கடத்தல்’ தலையில் விழுந்துவிட்டது. என் கணக்கில், இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கெடுதல் இது ஒன்றுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது இலக்கணம் தந்தது. கட என்பதோடு ‘தல்’ சேர்ந்தாலும் கடத்தல். கடத்து என்பதோடு ‘அல்’ சேர்ந்தாலும் கடத்தல். அதாவது தானே தாண்டுவதற்கும் பிறரைத் தாண்டவைப்பதற்கும் தொழிற்பெயர் ஒரே வடிவம். நடத்தல் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். பழைய உரைகளில் ‘கடத்தல்’ என்று வந்தால் பெரும்பாலும் முதல் பொருள். இன்று ‘சாலையைக் கடத்தல்’ என்று ஒரு தலைப்பு வைத்தால் சாலையை யாரோ சுருட்டிக்கொண்டு போனதாக வாசகர் சிரிப்பார். ஆகவே தன்வினைக்கு ‘கடப்பது’, ‘கடந்து செல்வது’ என்று எழுதிப் பழகிவிட்டோம். பிறவினை என்று ஐயமில்லாமல் காட்ட வேண்டுமானால் ‘கடத்துதல்’ என்று எழுதலாம். அதில் குழப்பம் வராது.

பழந்தமிழில் கடத்தலுக்கு வெல்லுதல் என்ற பொருளும் இருந்தது. ஆரியப் படை கடந்த நெடுஞ்செழியன் என்று பாண்டியன் ஒருவனுக்குப் பெயர். அவன் படையைத் தாண்டி ஓடிவிட்டான் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. வென்றான் என்பதே பொருள். புறநானூற்றின் 110ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரைப் பார்த்து ‘கடந்தடு தானை மூவிருங் கூடி’ என்று தொடங்குவார். கடந்து அடுதல் என்பதற்கு உரைகாரர்கள் சொல்லும் விளக்கம், வஞ்சனை செய்யாமல் எதிர்நின்று கொல்லுதல். நேர்மையான போருக்குப் பெயராக இருந்த வினையின் பிறவினை வடிவம்தான் இன்று சூட்கேசின் அடித்தட்டில் ஒளித்துவைப்பதற்குப் பெயராகியிருக்கிறது.

அக்காலத்தில் தாண்டிப்போவதற்கு இன்னொரு வினையும் வலுவாக இருந்தது: இற. சுரம் இறந்தார் என்றால் பாலைநிலத்தைக் கடந்து போனார் என்று பொருள், செத்துப்போனார் என்றல்ல. ‘பொறுத்தல் இறப்பினை என்றும்’ என்ற குறளில் (152) இறப்பு என்பது ஒருவர் வரம்பு கடந்து செய்த தீங்கு. ‘இறந்த வெகுளி’ என்றால் அளவு கடந்த கோபம். இலக்கணத்தில் இறந்தகாலம் என்கிறோமே, அதுவும் கடந்துபோன காலம்தான். இற என்பது மெல்ல மெல்ல மரணத்துக்கு மட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. அது காலிசெய்த இடங்களில் ‘கட’ குடியேறியது. அளவு கடந்த, வரம்பு கடந்த, எல்லை கடந்த என்ற தொடர்களெல்லாம் இன்று கட இல்லாமல் நிற்காது.

‘கட’வும் ‘தாண்டு’வும் ஒன்றா என்று அடுத்த கேள்வி வரும். பல இடங்களில் ஒன்றை எடுத்து மற்றதை வைக்கலாம், ஆனால் வாசனை வேறு. கடப்பதற்கு ஒரு நீளம் அல்லது அகலம் வேண்டும், நேரம் பிடிக்கும். தாண்டுவதற்கு ஒரு விளிம்பு போதும். ஆற்றைக் கடப்பார்கள், வாய்க்காலைத் தாண்டுவார்கள். பாலைவனத்தைக் கடக்கலாம், கோட்டைத் தாண்டலாம். வழி சொல்லும்போது ‘மதுரை தாண்டிப் பத்து கிலோமீட்டர்’ என்போமே தவிர, ‘மதுரை கடந்து’ என்று பேச்சில் வராது. ‘ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார்’ என்ற பழமொழியிலும் கடத்தல்தான் பொருத்தம். இரண்டு பேர் சேர்ந்திருக்க வேண்டிய அளவுக்கு அங்கே தண்ணீரும் நேரமும் இருக்கிறது.

இனி அறிவியல். இந்தச் சொல் தூய்மையாக இருப்பது இங்கேதான். வெப்பம் பரவும் வழிகளைப் பள்ளியில் மூன்றாகப் படித்திருப்போம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. மூன்றில் கடத்தலுக்கு உள்ள தனித்தன்மை, பொருளின் துகள்கள் இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டு ஆற்றலை அடுத்த துகளுக்குக் கைமாற்றிவிடுவது. உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்களும் சேர்ந்துகொள்வதால் வேலை வேகமாக நடக்கும். சலனத்தில் சூடான திரவமே இடம் மாறும். கதிர்வீச்சுக்கு ஊடகமே வேண்டாம். ஆக கடத்தலில் எது போகிறது, எது நிற்கிறது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். மின்சாரத்திலும் இதே நிலைதான். சாதாரண வீட்டுக் கம்பியில் எலக்ட்ரான்கள் ஒட்டுமொத்தமாக நகரும் வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் சுவிட்சைப் போட்ட மறுகணமே விளக்கு எரிகிறது, ஏனென்றால் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் கம்பி நெடுகப் பரவிவிடுகிறது. செம்பு மின்சாரத்தை ‘கடத்துகிறது’ என்னும்போது, இந்தமுனையில் ஏறிய எலக்ட்ரானே அந்தமுனையில் இறங்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே வாக்கிய அமைப்பையும் கவனியுங்கள். அறிவியலில் எழுவாயாக வருவது ஊடகம்: செம்பு கடத்தும், மரம் கடத்தாது. குற்றச் செய்தியில் எழுவாய் ஆள். ஊடகமோ வாகனமோ ‘இல்’ உருபோடு ஓரமாக நிற்கும்: லாரியில் கடத்தினார், படகில் கடத்தினார். பெயர்ச்சொல்லிலும் மொழி தானாகவே வேலி போட்டிருக்கிறது. பொருளானால் கடத்தி. ஆளானால் கடத்தல்காரர். செம்பைக் கடத்தல்காரர் என்றோ, தங்கம் கொண்டுவந்தவரைக் கடத்தி என்றோ யாரும் சொல்வதில்லை. பேருந்தில் டிக்கெட் கொடுப்பவருக்கும் செம்புக் கம்பிக்கும் ஆங்கிலத்தில் கண்டக்டர் என்று ஒரே பெயர். தமிழில் ஒருவர் நடத்துநர், மற்றது கடத்தி. வினையில் ஓர் எழுத்தை மாற்றிப் பிரித்துவிட்டோம். யார் செய்த வேலையானாலும் அழகான வேலை.

கடத்தியிலிருந்து கிளைத்தவை நிறைய. கடத்துத்திறன், குறைகடத்தி, மீக்கடத்தி. 1911இல் டச்சு இயற்பியலாளர் ஹைக் காமர்லிங் ஆனஸ் பாதரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அடியோடு மறைந்துபோனதைக் கண்டார். மீக்கடத்துதிறன் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். மின்சாரத்தைக் கடத்தாத பொருளுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘அரிதிற் கடத்தி’ என்ற சொல் உண்டு. இலங்கையில் காவலி என்பார்கள். எனக்குக் காவலி பிடிக்கும். சுருக்கமாக இருக்கிறது, எல்லைக்குக் காவல் என்ற கருத்தும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெப்பம் கடத்தும் அளவை வெப்பக் கடத்துத்திறன் என்று இங்கும், வெப்பக் கடத்தாறு என்று அங்கும் எழுதுவதால், இரு நாட்டுப் பாடநூல்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றைக் கடத்தும் பொருள் எல்லாவற்றையும் கடத்தும் என்பதில்லை. வைரம் வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும், ஆனால் தூய வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. நகைக்கடைகளில் வைரத்தைத் தொட்டுப் பார்க்கும் சிறு கருவி இந்த வெப்பக் கடத்தலை நம்பித்தான் கண்ணாடிக் கல்லைப் பிரித்துச் சொல்கிறது. (வைரத்தைக் கடத்துபவர்கள் தனி வகை, அவர்களுக்கு இந்தக் கருவி வேறு காரணத்துக்காகத் தேவைப்படும்.)

உயிரியலில் கடத்தல் கிட்டத்தட்டப் போக்குவரத்து என்ற பொருளிலேயே நிற்கிறது. தாவரத்தில் சைலம் நீரைக் கடத்துகிறது, புளோயம் உணவைக் கடத்துகிறது; இரண்டும் கடத்தும் திசுக்கள். நரம்பு தூண்டலைக் கடத்துகிறது. மலேரியாவைப் பரப்பும் கொசு நோய்க்கடத்தி. இலங்கையில் இதையே நோய்க்காவி என்பார்கள். காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். துல்லியம் பார்த்தால் ‘காவி’க்கு ஒரு பங்கு கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் கொசு சுமக்கத்தான் செய்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் காவி என்றால் நிறம் முன்னால் வந்து நின்றுவிடும். எனவே இங்கே கடத்தியே போதும்.

இப்போது காவல் உள்ள எல்லைக்கு வருவோம். இந்தியச் சுங்கச் சட்டம் 1962இல் இயற்றப்பட்டது. அதன் 2(39)ஆம் பிரிவு பொருள் கடத்தலை வரையறுக்கும் விதம் கொஞ்சம் வியப்பாக இருக்கும். அதில் எல்லை தாண்டுவது என்ற பேச்சே இல்லை. எந்தச் செயலைச் செய்ததால், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால், ஒரு பொருள் 111ஆம் பிரிவின்படியோ 113ஆம் பிரிவின்படியோ பறிமுதலுக்கு உரியதாகிறதோ, அதுவே கடத்தல். 111 உள்ளே வரும் பொருள்களுக்கு, 113 வெளியே போகும் பொருள்களுக்கு. அதாவது இருட்டில் படகேறி வந்தால்தான் கடத்தல் என்று இல்லை. பகல் வெளிச்சத்தில், விமான நிலையத்தின் பெரிய வாசல் வழியாக, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நடந்து வந்தாலும் கடத்தல்தான். சட்டத்துக்கு எல்லை என்பது வரைபடக் கோடு மட்டும் இல்லை. அனுமதியும் வரியும் சேர்ந்ததே எல்லை.

மக்கள் வழக்கு இதைச் சட்டத்துக்கும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறது. மணல் கடத்தல், ரேஷன் அரிசி கடத்தல், செம்மரக் கடத்தல் என்று செய்தி படிக்கிறோம். இவற்றில் நாட்டின் எல்லை சம்பந்தப்படாமலே இருக்கலாம். ஆற்றிலிருந்து அடுத்த தெருவுக்கு வந்த மணலும் கடத்தல் மணல்தான். ரேஷன் அரிசியில் தாண்டப்படுவது, யாருக்கு என்று ஒதுக்கப்பட்டதோ அந்த ஒதுக்கீடு. செம்மரத்தில் முதலில் தாண்டப்படுவது காடு. சுருக்கமாக, உரிமை எங்கே முடிகிறதோ அங்கே எல்லை. பொருளுக்கு மட்டும் ‘கடத்தல்’ என்பதை அப்படியே அடைமொழியாக முன்னால் வைக்கலாம் என்பதையும் பாருங்கள்: கடத்தல் தங்கம், கடத்தல் அரிசி. ஆளுக்கு அப்படி முடியாது. ‘கடத்தல் குழந்தை’ என்று எழுதினால் கை கூசும். ‘கடத்தப்பட்ட குழந்தை’ என்று முழுதாகச் சொன்னால்தான் ஆகும்.

உருபு தவறினால் செய்தியே மாறிவிடும் இடம் ஒன்று உண்டு. விமானத்தில் கடத்தல் என்றால் பையிலோ உடலிலோ எதையோ ஒளித்து வந்திருக்கிறார்கள். விமானக் கடத்தல் என்றால் விமானத்தையே கொண்டுபோய்விட்டார்கள். 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட ஐசி 814 விமானம் அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று போய்க் கடைசியில் காந்தகாரில் நின்றதே, அது இரண்டாவது வகை. வீரப்பன் கதையில் ஒரே வினை இரண்டு வேலையும் செய்கிறது. சந்தனக் கடத்தல் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அடைமொழி. 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி, நூறு நாளுக்கும் மேல் காட்டில் வைத்திருந்ததும் அவர்தான். மரத்துக்கும் மனிதருக்கும் தமிழ்ப் பத்திரிகைக்குத் தேவைப்பட்டது ஒரே வினைச்சொல்.

மனிதரைக் கடத்துவது என்ற பொருள் புதியது என்றே நினைக்கிறேன். பழைய நூல்களில் மாடு என்றால் ஆநிரை கவர்தல். பெண் என்றால் கவர்ந்து போதல், சிறையெடுத்தல். இராவணன் சீதையைச் சிறையெடுத்தான், கவர்ந்து சென்றான், தூக்கிப் போனான் என்றுதான் கதை சொல்பவர்கள் சொல்வார்கள். ‘கடத்தினான்’ என்று சொன்னால் அது பட்டிமன்றத்தில் சிரிப்புக்காகச் சொன்னதாக இருக்கும்.

இந்தப் புதிய பொருளில் ஒரு நிஜமான குறைபாடு இருக்கிறது, செய்தி எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் கவனிக்க வேண்டியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 137, 138, 143 என்று மூன்று பிரிவுகள். 137இல் வருவது, ஒருவரை அவர் சம்மதமில்லாமல் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவது, அல்லது சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுபோவது. இரண்டாவதில் குழந்தை விரும்பித்தான் வந்தது என்பது பதிலாகாது. மீறப்படுவது பாதுகாவலரின் பொறுப்பு. 138இல் வருவது, வயது எதுவானாலும், பலத்தாலோ ஏமாற்றியோ ஒருவரை ஓர் இடத்திலிருந்து போகவைப்பது. 143இல் வருவது சுரண்டலுக்காக ஆள்களைச் சேர்ப்பது, ஏற்றிச் செல்வது, தங்கவைப்பது, கைமாற்றுவது. மூன்றையும் தமிழில் ஆள்கடத்தல் என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

பன்னாட்டு அளவில் இன்னும் சிக்கல். 2000ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பலெர்மோ நெறிமுறைகள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரிக்கின்றன. ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை அனுமதியில்லாமல் வேறு நாட்டுக்குள் கொண்டுசேர்ப்பது. இதில் போகிறவர் சம்மதித்தே போகிறார், எல்லை கட்டாயம் தாண்டப்படுகிறது, குற்றம் அந்த நாட்டுக்கு எதிரானது. மற்றது, மிரட்டியோ ஏமாற்றியோ ஆளைப் பிடித்துச் சுரண்டுவது. இதற்கு எல்லை தாண்டவே தேவையில்லை. ஒரே மாவட்டத்துக்குள் நடந்தாலும் குற்றம்தான், குற்றம் அந்த மனிதருக்கு எதிரானது. குழந்தையாக இருந்தால் மிரட்டல், ஏமாற்று எதையும் காட்டவே வேண்டியதில்லை. முன்னதில் போனவர் பெரும்பாலும் குடியேற்றச் சட்டத்தை மீறியவராகப் பார்க்கப்படுவார். பின்னதில் அவர் பாதிக்கப்பட்டவர், மீட்கப்பட வேண்டியவர். இரண்டையும் ‘ஆள்கடத்தல்’ என்று எழுதினால் யார் குற்றவாளி, யார் பாதிக்கப்பட்டவர் என்பதே கலங்கிவிடும். என் யோசனை: எல்லை தாண்டுவிப்பதற்கு ‘சட்டவிரோதமாக எல்லை கடத்திவிடுதல்’ என்று கொஞ்சம் நீட்டியே எழுதலாம்; சுரண்டலுக்கு ‘மனித வணிகம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டுபோய்ப் பணம் கேட்பதற்குக் ‘கடத்தல்’ இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்ற இனி யாராலும் முடியாது.

நாளைக் கடத்துவது என்பதில் யார் எல்லையும் மீறப்படவில்லை, ஆனாலும் அது நல்ல சொல் இல்லை. ஏன் என்பதற்குப் பக்கத்துச் சொற்களை வைத்துப் பார்க்க வேண்டும். பொழுதைப் போக்குவதில் குற்றமில்லை. காலம் கழிப்பது நடுநிலை. ‘கடைசிக் காலத்தைப் பேரன் பேத்திகளோடு கழித்தார்’ என்றால் நிம்மதி. காலம் தள்ளுவதில் கஷ்டம் இருக்கிறது. காலம் கடத்துவதில்தான் எதிரே இன்னொருவர் காத்துக்கொண்டு நிற்கிறார். கடனைத் திருப்பிக் கேட்டவரிடம், தீர்ப்புக்குக் காத்திருப்பவரிடம், பதில் கேட்டவரிடம் காலம் கடத்துவார்கள். தனியாக ஒரு தீவில் இருப்பவரால் காலம் கழிக்க முடியும், கடத்த முடியாது.

‘கடந்த’ என்ற பெயரெச்சத்தைப் பற்றியும் கொஞ்சம். கடந்த வாரம், சென்ற வாரம், போன வாரம் மூன்றும் ஒன்றுதான். போன என்பது பேச்சு, மற்ற இரண்டும் எழுத்து. ஆனால் நீளமான காலத்தொடர்ச்சிக்குக் ‘கடந்த’ மட்டுமே இயல்பாக வரும்: கடந்த பத்து ஆண்டுகளாக, கடந்த மூன்று நாட்களாக. ‘சென்ற பத்து ஆண்டுகளாக’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், காதில் கொஞ்சம் நெருடும்.

பெயர்ச்சொற்களில் கடவு, கடவை இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழி, நுழைவாயில், வேலியில் ஏறி இறங்கும் இடம் எல்லாம் கடவு. பொள்ளாச்சிச் சாலையில் உள்ள கிணத்துக்கடவில் ஊர்ப் பெயராகவே நிற்கிறது. இலங்கையில் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று அன்றாடப் புழக்கம்; தமிழ்நாட்டில் ரயில்வே கேட் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் இதே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று ஆளை உள்ளே விடும் தாள், மற்றது உள்ளே விடும் சொல். கடவுதல் என்று பழைய வினை ஒன்றும் உண்டு: செலுத்துதல், ஓட்டுதல். முல்லைத்திணைத் தலைவன் வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் பாகனைப் பார்த்துத் தேரைக் கடவச் சொல்வான். கடவுளையும் இதில் சேர்த்து, ‘எல்லாம் கடந்து உள்ளவர்’ என்று பிரித்துக் காட்டுவது பிரபலமான விளக்கம். பக்திக்கு அது நன்றாக இருக்கிறது. சொல்லாராய்ச்சிக்கு அதையே சான்றாக வைக்க நான் துணிய மாட்டேன். கடன், கடமை ஆகியவற்றையும் ஒலி ஒத்திருக்கிறதே என்று இங்கே இழுத்துவர வேண்டாம்.

சரக்கு நிறுவனத்துக்கு என்ன எழுதுவது? ‘கொண்டு செல்லும்’, ‘எடுத்துச் செல்லும்’, ‘ஏற்றிச் செல்லும்’ மூன்றும் இருக்கின்றன. பெயர்ச்சொல் வேண்டுமானால் சரக்குப் போக்குவரத்து. இந்தப் ‘போக்குவரத்து’ போவதையும் வருவதையும் இணைத்த நல்ல சொல், ஆனால் அது பொதுவான ஓட்டத்தைச் சொல்கிறதே தவிர, இந்தப் பெட்டி இங்கிருந்து அங்கே போனது என்பதைச் சொல்லாது. அந்த இடத்தில் ‘கடத்தியது’ என்ற வினைதான் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும், ஆனால் அது கையைவிட்டுப் போய்விட்டது. ‘கொண்டுசேர்த்தது’ என்று எழுதிச் சமாளிக்கலாம்.

கடைசியாக ஒரு புதுப் புழக்கம். சினிமா விமர்சனங்களில் ‘அந்த வலியைப் பார்வையாளருக்குக் கடத்துகிறார்’ என்று எழுதுகிறார்களே, அது சரியா என்று சிலர் கேட்பதுண்டு. சரிதான். அறிவை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது, மரபுப் பண்புகள் கடத்தப்படுவது என்பவற்றின் தொடர்ச்சிதான் இது. வெப்பம் கைமாறுவதுபோல, ஆனால் வெப்பம்போல் கொடுத்தவரிடம் குறையாமலே, எதிரிலிருப்பவருக்கும் போய்ச் சேர்வதை ஒரே வினையில் சொல்லிவிடுகிறது. ‘உணர்த்துகிறார்’ என்பதில் தெரியவைப்பது இருக்கிறது, அனுபவிக்கவைப்பது இல்லை. அந்த வித்தியாசம் தேவைப்படும் இடத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே விமர்சனத்தில் இசையமைப்பாளரும் கடத்தி, ஒளிப்பதிவாளரும் கடத்தி, நாயகனும் கண்ணாலேயே கடத்தினால்தான் சுங்கத் துறையின் நினைவு வருகிறது.